கேடிலாக் தானம்

நார்பர்ட் வாண்டர்மீர் கார் இருக்கைகளுக்குள் வைக்கும் நுரைப்பஞ்சைச் செய்து விற்றுப் பணக்காரரானவர். டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஜனங்கள் நாற்பது வருஷமாக அவருடைய பஞ்சின்மேல் உட்கார்ந்துதான் வேலைக்குப் போய் வந்தார்கள். ஆனால் அவருடைய சொந்தக் காரில் ஒருவரும் உட்காரக் கூடாது. பெற்ற பிள்ளைகள் உட்காரக் கூடாது, கட்டிய மனைவி உட்காரக் கூடாது. அவரே உட்காருவதென்றாலும் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். பெல்ட்டின் கொக்கி தோலைக் கீறிவிடுமாம்.

அது ஐம்பத்தேழாம் வருஷத்து கேடிலாக் எல்டொராடோ ப்ரோம். கூரை முழுக்க எவர்சில்வர். முன்பெட்டியைத் திறந்தால் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் டம்ளர்கள். சீமாட்டிகளுக்கென்று பவுடர் டப்பா, உதட்டுச்சாயக் கூடு, சென்ட் பாட்டில் எல்லாம் காரோடு சேர்ந்தே வந்தவை. வீட்டில் இருந்த ஒரே சீமாட்டியான டார்லீன் இத்தனை வருஷத்தில் அந்த சென்ட் பாட்டிலை விரலால் தொட்டதில்லை. கண்காட்சிக்குப் போகும்போதுகூட அந்தக் கார் தன் சக்கரத்தில் போகாது. மூடிய வண்டி ஒன்றில் ஏற்றி, பட்டைகளால் கட்டி, கம்பளி போர்த்திக் கொண்டுபோவார்கள். திரும்பி வந்ததும் நார்பர்ட் தரையில் படுத்துக்கொண்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியால் அதன் அடிவயிற்றைத் துடைப்பார். சாப்பிட்ட தட்டை அவர் கழுவி வைத்ததை மட்டும் டார்லீன் பார்த்ததே இல்லை.

வீட்டிலேயே நல்ல அறை எது என்றால் கார் ஷெட்தான். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுவதால், வெளியே முழங்கால் அளவு பனி கிடந்தாலும் உள்ளே வெறுங்காலோடு நிற்கலாம். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்ச ஓர் எந்திரம் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். தெற்குப் பார்த்த ஜன்னல், மூலையில் தண்ணீர்க் குழாய், நுழைகிற இடத்தில் ஒரு படிகூடக் கிடையாது. வீட்டின் மற்ற பகுதியில் எங்கே திரும்பினாலும் படிக்கட்டு. அந்த ஷெட்டைத்தான் டார்லீன் தன் தங்கைக்காகக் கேட்டாள்.

தங்கை ஃபிலிஸ் முப்பது வருஷம் தெருத்தெருவாக நடந்து கடிதம் கொடுத்தவள். அப்படி நடந்த கால்களில் இடது கால் போன வருஷம் பக்கவாதத்தில் செத்துவிட்டது, இடது கையும் போயிற்று. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஊருக்கு வெளியே ஒரு முதியோர் விடுதியில் அவளைப் போட்டிருந்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரி விடிந்தது முதல் ஹெரால்டு, ஹெரால்டு என்று கத்திக்கொண்டே இருப்பாள். அந்த ஹெரால்டு யாரென்று அவள் மகனுக்கே தெரியாதாம்.

"ஷெட்ட கொஞ்சம் மாத்தி அவள இங்க கூட்டிட்டு வந்துடலாம் நார்ப். அங்க இருந்தா அவளுக்குப் பைத்தியமே பிடிச்சிடும்."

"கார எங்க வைக்கிறது?"

"மூடி போட்டு வெளிய வை. இல்லன்னா எங்கயாவது வாடகைக்கு இடம் பிடி."

நார்பர்ட் அவளைப் பார்த்த பார்வையில் உண்மையாகவே வலி இருந்தது. "டார்லீன், அது ஐம்பத்தேழாம் வருஷத்துத் தோலு. ஈரம் பட்டா வெடிச்சிடும்."

"என் தங்கச்சிக்கும் அதே வயசுல ஒரு தோலு இருக்கு."

"அவளப் பாத்துக்க அங்க நர்ஸ் இருக்காங்க. இத பாத்துக்க யாரு இருக்கா?"

இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று டார்லீனுக்குத் தெரியும். எழுபது வயதில் விவாகரத்துக்கு வக்கீலைத் தேடி அலைய அவளுக்குத் தெம்பில்லை.

பிறகு வசந்தத்தில், கிளப் விருந்தில் அந்த அதிசயம் நடந்தது. பழைய கார் வைத்திருப்பவர்களின் கிளப் அது. உறுப்பினர்கள் எல்லாருக்கும் கார் இருந்தது, ஒருவருக்கும் வேறு பேச்சு இல்லை. அன்று க்ளிஃப் பெண்டர் என்பவருக்குப் பாராட்டு. க்ளிஃப், நார்பர்ட்டின் நெடுநாள் சிநேகிதர், பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரைக் குழந்தைகள் நிதி என்ற தர்ம ஸ்தாபனத்துக்கு ஏதோ கொடுத்திருந்தார், அதற்காக அங்கே ஒரு விளையாட்டறைக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். க்ளிஃப் மேடையேறித் தன் தாராள மனசைப் பற்றித் தானே பேசி, பேச்சின் நடுவே தானே உருகி அழுதார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. நார்பர்ட்டின் முகம் புளித்துப்போனதை டார்லீன் பார்த்தாள். அடுத்த நிமிஷம் அவர் எழுந்து நின்று, தன் கேடிலாக்கை அதே குழந்தைகள் நிதிக்குத் தானமாகக் கொடுக்கப்போவதாக அறிவித்துவிட்டார். ஜூலையில் கோல்ஃப் மைதானத்தில் நடக்கும் கார் விழாவில் ஏலம் விட்டு, வரும் பணத்தைக் குழந்தைகளுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். இந்தத் தடவை கூரை உண்மையாகவே ஆடியது.

டார்லீன் அதை நம்பினாள், பாவம். மறுநாளே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள். கட்டில் இங்கே, சக்கர நாற்காலி திரும்ப இவ்வளவு இடம், குழாய் இருக்கும் மூலையில் குளியலறை. ஃபிலிஸுக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டாள். "நார்ப்... உடம்பு... சரியில்லையா?" என்று ஃபிலிஸ் கேட்டாள்.

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை காலை டார்லீன் காப்பி எடுத்துக்கொண்டு ஷெட் பக்கம் போனபோது உள்ளே நார்பர்ட்டும் க்ளிஃப்பும் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது.

"ஏலத்துல நீதான் எடுக்கணும். எவ்வளவு போனாலும் எடு. பணம் நான் தர்றேன்," என்றார் நார்பர்ட்.

"எடுத்துட்டு?"

"ஒரு மாசம் உன் ஷெட்ல நிக்கட்டும். அப்புறம் சத்தமில்லாம இங்கயே வந்துடும். நீ எனக்கே வித்துட்டேன்னு சொல்லிக்கோ. சிநேகிதனோட மனசு தாங்கலன்னு சொல்லு."

"அடப்பாவி! பேரும் உனக்கு, காரும் உனக்கா?"

"குழந்தைங்களுக்குக் காசு போகுதில்ல? யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு என்னடா கிடைக்கும்?"

"ஜெயிச்சவன்னு கை தட்டுவாங்க. உனக்கு அது போதுமே!"

க்ளிஃப் வெட்கப்பட்டுச் சிரித்தது டார்லீனுக்குக் கேட்டது. காப்பியை அவள் வாசல் ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள். அவளுக்கு வந்தது அழுகை இல்லை, அருவருப்பு. தங்கை படுக்க இருந்த இடத்துக்குக் காரைத் திருப்பிக் கொண்டுவரத்தான் அந்த இரண்டு கிழவர்களும் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கத்திச் சண்டை போடலாம். போட்டால் நார்பர்ட் வாய்கூசாமல் ஏதாவது காரணம் சொல்வார், கார் நிற்கிற இடத்தில் நிற்கும், ஃபிலிஸ் கிடக்கிற இடத்தில் கிடப்பாள். ஜூலை வரைக்கும் நார்பர்ட்டின் தியாகத்தைப் பற்றி யார் விசாரித்தாலும் டார்லீனும் சேர்ந்து தலையாட்டினாள்.

விழா அன்று கோல்ஃப் மைதானத்துப் புல்லில் கார்கள் வரிசையாக நின்றன. வைக்கோல் தொப்பியும் வெளிர்நிறக் கோட்டும் போட்ட கிழவர்கள் டார்ச் விளக்கோடு குனிந்து, ஒருவர் காரின் அடியில் இன்னொருவர் குறை தேடிக்கொண்டிருந்தார்கள். ஏதாவது ஒரு திருகாணி பிற்காலத்தியது என்று கண்டுபிடித்துவிட்டால் அவர்கள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பேரப்பிள்ளை பிறந்தபோதுகூடப் பார்த்திருக்க முடியாது. நடுவே பெரிய கூடாரம், அதுதான் ஏலம் நடக்கும் இடம். ஏலம் விட வந்தவர் கர்னல் ஹாப்ஸ். பட்டாளத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஏலம் விடுகிறவரை அங்கே கர்னல் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அங்கே தர்ம ஏலத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்தவருக்கு மனசு பொங்கிவிட்டால், பணத்தையும் கட்டிவிட்டு, "மறுபடியும் விடுங்க!" என்று கத்துவார். எடுத்த பொருளை அங்கேயே திருப்பித் தானம் செய்கிறார் என்று அர்த்தம். அதே பொருள் இரண்டாம் முறை ஏலத்துக்குப் போகும், தர்மத்துக்கு இரட்டை வரவு. கன்றுக்குட்டியில் பார்த்திருக்கிறார்கள், ஆப்பிள் கேக்கில் பார்த்திருக்கிறார்கள். கேடிலாக்கில் யாரும் பார்த்ததில்லை.

எலுமிச்சை ஷர்பத் மேஜைக்குப் பக்கத்தில் டார்லீன் கர்னலைப் பிடித்தாள்.

"கர்னல், ஒரு விஷயம். நான் சொன்னேன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்."

"சொல்லுங்கம்மா."

"க்ளிஃப் பெண்டர் இருக்காரே, அவர்தான் எங்க கார எடுப்பார்னு நினைக்கிறேன். எடுத்தா, திருப்பிக் கொடுத்துடணும்னு அவர் மனசுல இருக்கும் போலத் தோணுது. பெரிய மனசுக்காரர். ஆனா தானா சொல்லக் கூச்சப்படுவார்."

"யாரு, க்ளிஃப் கூச்சப்படுவாரா?"

"நீங்க கொஞ்சம் எடுத்துக் கொடுங்க. போதும்."

கர்னல் அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு ஷர்பத்தை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். "எங்க அப்பாவும் கர்னல்தாம்மா. எங்க வீட்டுல யாரும் இதுவரைக்கும் கேடிலாக்க ஒரே நாள்ல ரெண்டு தடவ வித்ததில்ல," என்றார்.

நார்பர்ட் மேடையில் பேசினார். உயிரைப் பிரிகிற மாதிரி இருக்கிறது என்றார். ஆனால் குழந்தைகளின் சிரிப்புக்கு முன்னால் எவர்சில்வர் என்ன, தோல் என்ன என்றார். பின்னால் மஞ்சள் சட்டை போட்ட குழந்தைகள் வரிசையாக நின்று வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்து வந்து டார்லீன் பக்கத்தில் உட்கார்ந்தவர், "எப்படி?" என்று கேட்டார். "எனக்கே அழுகை வந்துடுச்சு," என்றாள் அவள்.

ஏலம் சூடு பிடித்தது. கலிஃபோர்னியாக்காரர் ஒருவர் பாதியில் கழன்றுகொண்டார். கடைசி வரைக்கும் க்ளிஃப்போடு மல்லுக்கு நின்றவர் டொலிடோவில் ஊறுகாய் ஆலை வைத்திருக்கும் ஸ்டான்லி ப்ரூயிட் என்ற குண்டு மனிதர். மற்றவர்கள் எல்லாம் கோட்டில் இருக்க, அவர் அரைக்கால் சட்டையில் வந்திருந்தார். அவர் ஏற்ற ஏற்ற க்ளிஃப்பும் அசராமல் ஏற்றினார், சொந்தப் பணம் இல்லையே! நார்பர்ட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் ஊறுகாய்க்காரர் தலையை ஆட்டி உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! டாக்டர் க்ளிஃபர்ட் பெண்டருக்கு!" சுத்தியல் இறங்கியது.

நார்பர்ட் மூச்சு விட்டார். கர்னல் மட்டும் மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"க்ளிஃப், கொஞ்சம் எழுந்து நில்லுங்க. எல்லாரும் பாக்கட்டும். ஜனங்களே, இவர் கண்ணப் பாருங்க. நான் நாப்பது வருஷமா ஏலம் விடுறேன், இந்தக் கண்ண எனக்குத் தெரியும். இவர் மனசுல என்னமோ ஓடுது. குழந்தைங்களா, கொஞ்சம் முன்னால வாங்க. க்ளிஃப்... மனசுல உள்ளதச் சொல்லிடுங்க. கூச்சப்படாதீங்க."

முதலில் யாரோ ஒருவர் தட்டினார். பிறகு கூடாரமே எழுந்து நின்று தட்டியது. "மறுபடியும் விடு! மறுபடியும் விடு!" என்று பின்வரிசைக்காரர்கள் கத்தத் தொடங்கினார்கள். க்ளிஃப் நார்பர்ட் பக்கம் திரும்பினார். நார்பர்ட் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், கண்ணை உருட்டினார், விரலை அசைத்தார். ஐநூறு பேர் தன் பெயரைச் சொல்லித் தட்டும்போது ஒரு சிநேகிதனின் விரல் க்ளிஃப் பெண்டரின் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது? அவர் உதடு துடித்தது, கண்ணில் நீர் வழிந்தது. இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

"மறுபடியும் விடுங்க கர்னல்! குழந்தைங்களுக்காக!"

அந்தச் சத்தத்தில் நார்பர்ட் என்ன சொன்னார் என்பது டார்லீனுக்கு மட்டும்தான் கேட்டது. அதை எழுத முடியாது.

இரண்டாம் ஏலம் தொடங்கியது. ஊறுகாய்க்காரர் உடனே கையைத் தூக்கினார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. க்ளிஃப்பை நாலு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நார்பர்ட்டுக்குப் பொறுக்கவில்லை, கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார். தானம் கொடுத்தவன் தன் தானத்தைத் தானே ஏலம் கேட்பதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. "பாருங்க! காரக் கொடுத்த மகராசரே நண்பனுக்குக் கை தட்ட எழுந்து நிக்கிறாரு!" என்றார் கர்னல். மறுபடியும் கைதட்டல். டார்லீன் அவர் கோட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு நார்ப். எல்லாரும் பாக்குறாங்க."

"என் கார்டி!"

"சத்தமாச் சொல்லேன். எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவர் உட்கார்ந்துவிட்டார். மூன்று தரம் சொல்லியாயிற்று, கார் டொலிடோவுக்குப் போயிற்று.

ஸ்டான்லி ப்ரூயிட் சாவியை வாங்கிக்கொண்டு நேராகக் காரில் ஏறினார். பெல்ட்டைக் கழற்றவில்லை. "உங்க ஏத்துற வண்டி எங்க?" என்று நார்பர்ட் தழுதழுத்துக் கேட்டதற்கு, "எதுக்கு? இது ஓடாதா?" என்றார். போகிற வழியில் பேரப்பிள்ளைகளை நீச்சல் வகுப்பிலிருந்து ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். நார்பர்ட்டுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவரைச் சுற்றி நின்றவர்கள் அதைத் தியாகத்தின் களைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் டார்லீன்தான் தன் ப்யூக் காரை ஓட்டினாள்.

"க்ளிஃப் என் முதுகுல குத்திட்டான். என் காசுல! என் காசுல தர்மம் பண்ணிட்டு அவன் அழுதுட்டு நிக்கிறான்!"

"அவர் மேல தப்பில்ல. கர்னல்கிட்ட சொன்னது நான்தான்."

நார்பர்ட் திரும்பிப் பார்த்தார். "எதுக்குடி?" என்றார்.

"நீ காரக் கொடுக்குறேன்னு சொன்ன. நான் நம்பினேன். என் தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன். அவளுக்கு நான் பொய் சொல்ல முடியாது, அதனால நீ சொன்னத நிஜமாக்கிட்டேன். உனக்கு வருத்தம்னா சொல்லு, வண்டியத் திருப்புறேன். கூடாரத்துல இன்னும் ஆளுங்க இருப்பாங்க. போய் முழுக் கதையும் சொல்லிட்டு வரலாம்."

வண்டியைத் திருப்பச் சொல்லி அவர் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் தச்சர்கள் வேலையை முடித்தார்கள். ஃபிலிஸ் வந்து சேர்ந்தாள். வெறுங்காலைச் சூடான தரையில் வைத்ததும், உணர்ச்சி இருக்கிற அந்த ஒரு காலால் இரண்டு மூன்று தடவை தேய்த்துப் பார்த்தாள். தேய்த்துவிட்டு, "இத... காருக்கு விட்டுட்டா... என்னைய... அங்க... போட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். டார்லீன் தலையணையைத் தட்டிக் கொடுத்தாள்.

நார்பர்ட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. குழந்தைகள் நிதியின் சுவரில் க்ளிஃப்பின் பெயரைப் பெரிதாகவும் அவர் பெயரைச் சிறிதாகவும் பொறித்துவிட்டார்கள் என்று பத்து நாள் சோறு இறங்காமல் கிடந்தார். பிறகு கிளப்பில் யாரோ, மைத்துனிக்கு இடம் வேண்டும் என்றுதான் நார்பர்ட் காரையே கொடுத்துவிட்டாராமே என்று சொல்ல, அது பரவிவிட்டது. அவர் மறுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே அதைச் சொல்லத் தொடங்கினார். "குடும்பம் குளிர்ல கிடக்கிறப்ப கார் சூட்டுல இருக்கலாமா?" என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அவர் கேட்டபோது இரண்டு கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டார்லீன் அவர்களைத் தாண்டிப் போய் ப்யூக்கை எடுத்தாள். அவர் என்ன சொல்லிக்கொண்டால் என்ன, தங்கை வந்தாயிற்று என்று இருந்தாள்.

அக்டோபரில் ஒரு மத்தியானம், டார்லீன் ஃபிலிஸைச் சக்கர நாற்காலியில் சமையலறைக்குக் கூட்டிவந்து மேஜையருகே விட்டு, பார்லி சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் நார்பர்ட் போனில் ஒரு கார்த் தரகரோடு பேசிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்துகிற பழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது.

"பேக்கார்டா? என்ன நெறம்? ...ஆமா, ஆமா, எனக்குன்னு சொல்லி வை. ...இடமா? இப்போதைக்கு இல்ல. ஷெட்ல ஒருத்தங்க இருக்காங்க. ...ஆமாப்பா, உடம்பு முடியாதவங்க. இன்னும் எத்தன நாளைக்கு இருக்கப் போறாங்க? ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம். பேக்கார்டு காத்திருக்கும்."

டார்லீன் கரண்டியைப் போட்டுவிட்டு அந்த அறைக்குப் போகத் திரும்பினாள். ஃபிலிஸ் நல்ல கையால் அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் ஏப்ரனைப் பிடித்து நிறுத்தினாள். அதற்குள் நார்பர்ட் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் வந்தார். இருவர் முகத்தையும் பார்த்ததும் அவருக்கு நடந்தது புரிந்துவிட்டது.

"ஃபிலிஸ், நான் வந்து... அது சும்மா, தரகன்கிட்ட..."

"நார்ப்," என்றாள் ஃபிலிஸ். வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வைத்தாள். "எங்க அம்மா... தொண்ணூத்தாறு வயசு... வரைக்கும்... இருந்தா. எனக்கு... இப்பத்தான்... அறுபத்தெட்டு."

ஃபிலிஸ் கிண்ணத்தை டார்லீன் பக்கம் தள்ளினாள்.

"நல்லா... நெறைய... ஊத்து."